வில்லைக் காக்கும் நாண்: சாரல் காலத்துக் குறிப்புகள்

போன ஆனி மாசம். தென்காசியில் சாரல் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் அக்கா மகள் அம்பு விட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். நான் திண்ணையில் இருந்தேன். வழக்கமாக நாண் விடுபடும்போது 'தொப்'பென்று ஒரு சத்தம் வரும். அன்றைக்குக் காய்ந்த விறகு முறிகிற மாதிரி 'படக்'கென்று கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வில்லின் மேல் நுனி பிளந்து தொங்குகிறது. அம்பு நாலடி தள்ளி மண்ணில் கிடக்கிறது. அவள் இடது முன்கையில் சிவப்பாக ஒரு கோடு. நல்ல வேளை, அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

வில் பழையது, இன்னொருவரிடம் வாங்கியது. 66 அங்குலம், 24 பவுண்டு இழுவிசை, மரத்தால் ஆன ரிகர்வ் வில். அதோடு வந்த நாண் தடிமனாக, கறுப்பாக, நடுவில் நூல் பிசிறடித்துக் கிடந்தது. "இதைவிட மூணு மடங்கு வலுவானது" என்று போட்டிருந்ததைப் பார்த்து, மெல்லிசான வெள்ளை நாண் ஒன்றை ஆன்லைனில் வாங்கி மாட்டியது நான்தான். பதினெட்டு நாள் தாங்கியது. தாங்கியது என்றால் நாண் தாங்கியது, வில்தான் போச்சு.

"மாமா, பழைய நாணே கெடந்திருக்கலாம்லா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு படித்தது, விசாரித்தது, கையால் செய்து பார்த்தது எல்லாம் சேர்ந்துதான் இந்தக் குறிப்பு. சுருக்கமாகச் சொன்னால்: வலுவான நாண் நல்ல நாண் என்று நான் நினைத்தது தப்பு. நாண் தேய்வதற்கென்றே இருக்கிற பொருள். அது கொஞ்சம் இளகி, கொஞ்சம் தேய்ந்து, காலம் வந்ததும் மாற்றப்பட்டால்தான் வில் பிழைக்கும்.

நாண் என்ன வேலை செய்கிறது?

பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பாருங்க. வட்டத்தின் ஒரு துண்டுக்கு 'வில்' என்று பெயர். அதன் இரண்டு முனைகளையும் சேர்க்கும் நேர்கோட்டுக்கு 'நாண்' என்று பெயர். நாமெல்லாம் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்த அந்தப் படம் உண்மையில் நாண் ஏற்றிய வில்லின் படம்தான். சமஸ்கிருதத்திலும் அதே கதை. 'ஜ்யா' என்றால் வில்லின் நாண். ஆரியபட்டர் காலத்துக் கணிதத்தில் பாதி நாணைக் குறித்த அந்தச் சொல் அரபு மொழிக்குப் போய் 'ஜிபா' ஆனது. அதை 'ஜைப்' என்று மாற்றி வாசித்து, லத்தீனில் 'சைனஸ்' என்று மொழிபெயர்த்தார்கள். இன்றைக்குக் கால்குலேட்டரில் நாம் அழுத்தும் 'சைன்' பொத்தான் அப்படி வந்தது. வில்லின் நடுவுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட உயரத்தைப் பழைய கணிதர்கள் 'சரம்', அதாவது அம்பு என்றார்கள்.

இந்த உயரம்தான் வில்லாளிக்கு எல்லாமே. மைதானத்தில் இதைப் 'பிரேஸ் ஹைட்' என்பார்கள். நான் 'நாண் உயரம்' என்றே எழுதுகிறேன். நாண் ஏற்றிய வில்லில், கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் வரைக்கும் உள்ள தூரம் அது. நாண் நீண்டுபோனால் இந்த உயரம் குறையும். முறுக்கி நாணைச் சுருக்கினால் கூடும். உயரம் ரொம்பக் குறைந்தால் நாண் முன்கையில் அறையும், வில் அதிரும், சத்தம் கூடும். ரொம்பக் கூடினால் வில்லுக்கு வீணான அழுத்தம், அம்பின் வேகமும் குறையும்.

எவ்வளவு மாறும்? வில்லை ஒரு வட்டத்தின் துண்டு என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாண் 160 செ.மீ., உயரம் 20 செ.மீ. நாணை 1 செ.மீ. சுருக்கினால் உயரம் சுமார் 1.4 செ.மீ. கூடுகிறது. ரிகர்வ் வில் சரியான வட்டத் துண்டு இல்லை, அதனால் எண்ணிக்கை கொஞ்சம் மாறும். ஆனால் பாடம் மாறாது: நாணில் வரும் சின்ன மாற்றம் வில்லில் பெரிதாகத் தெரியும். வாரம் ஒரு தடவை அளவுகோலை வைத்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு விஷயம். முழுசாக இழுத்துப் பிடித்திருக்கும்போதுதான் நாணில் இழுப்பு உச்சத்தில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. விரலை விட்டபின், வில்லின் இரண்டு கைகளும் முன்னால் பாய்ந்து, நாண் நேராகி 'டக்'கென்று நிற்கிற கணம் இருக்கிறதே, அப்போதுதான் உச்சம். வில்லில் தேங்கிய ஆற்றலில் பெரும்பங்கை அம்பு எடுத்துக்கொண்டு போய்விடும். மிச்சத்தை நாணும் வில் நுனிகளும் வாங்கிக்கொள்ள வேண்டும். அம்பு இல்லாமல் வெறும் நாணை இழுத்து விடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். எடுத்துக்கொண்டு போக அம்பு இல்லாததால், அத்தனை ஆற்றலும் வில்லின் மேலேயே திரும்ப விழும். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வது இதுதான். ஒரே தடவையில் வில் முறியலாம்.

எதில் செய்தார்கள், எதில் செய்கிறார்கள்?

1991-ல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர் ஒருவரின் உடல் கிடைத்தது. ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். அவரிடம் இருந்த வில் செய்து முடிக்கப்படாதது. ஆனால் அம்புக்கூட்டில் சுருட்டி வைத்த கயிறு ஒன்று இருந்தது. விலங்கின் தசைநாரை மூன்று புரியாக முறுக்கிச் செய்தது. இதுவரை கிடைத்த நாண்களில் மிகப் பழையது அதுவாக இருக்கலாம் என்கிறார்கள். தமிழில் இந்தத் தசைநாருக்கு இன்னொரு பெயர் 'தசைநாண்'. உடம்புக்குள்ளேயே ஒரு நாண் இருக்கிறது என்று பெயர் வைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம்ம பக்கம் செடி நார்தான் கைக்கு எட்டியது. மரல் அல்லது மருள் என்ற செடியைக் காட்டுப்புறங்களில் பார்த்திருப்பீர்கள். கத்தி மாதிரி நீண்டு, தடித்து, குறுக்கே வரிவரியாக இருக்கும் இலை. வீட்டுக்குள் தொட்டியில் வளர்க்கிற 'பாம்புச் செடி'யின் சொந்தக்காரன். இந்த இனத்துக்கு ஆங்கிலத்தில் 'வில்நாண் சணல்' என்ற பொருளில்தான் பெயர். இலையைச் சீவி எடுத்தால் வெள்ளை நார் கிடைக்கும். மனு நூல், சத்திரியர் அணியும் அரைஞாண் 'மூர்வா' நாரில் திரித்த வில்நாணாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த மூர்வா இந்தச் செடிதான் என்று பலரும், வேறொரு கொடி என்று சிலரும் சொல்கிறார்கள்.

தென்காசி, நெல்லை, குமரிப் பக்கம் வில் என்றதும் ஞாபகம் வருவது கோயில் கொடையும் வில்லுப்பாட்டும்தான். வயிரம் பாய்ந்த பனையில் செய்த நீளமான வில், வளைவு கீழே, நாண் மேலே. நடுவில் குடம். வில்லில் வரிசையாக மணிகள். வழமையாக அந்த நாண் முறுக்கிய மாட்டுத்தோல். வீசுகோலால் நாணை அடிக்கிறார்கள். யாரும் இழுத்து விடுவதில்லை. அதனால் வேடனின் நாணுக்கு வருகிற அந்தக் கடைசிக் கண அதிர்ச்சி இதற்கு வராது. ஆனால் தோல் தோல்தான்: ஈரத்தில் இளகும், வெயிலில் இறுகும். சுப்பு ஆறுமுகம் (பத்மஸ்ரீ, 2021) போன்றவர்கள் சென்னை மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுபோன அந்த வில்லுக்கும், என் அக்கா மகளின் வில்லுக்கும் பொதுவான எதிரி காற்றில் இருக்கிற ஈரம்.

இன்றைய பயிற்சி மைதானங்களில் இரண்டு வகை நூல்களை முக்கியமாகப் பார்க்கலாம்.

முதலாவது டாக்ரான். இது பாலியெஸ்டர். இழுவிசைக்கு ஏற்ப 10, 12, 14, 16 இழை சேர்த்து நாண் செய்வார்கள். கொஞ்சம் ரப்பர் குணம் உண்டு. அம்பு கிளம்பும் கணத்தில் துளி நீண்டு கொடுக்கும். அம்பு சற்று மெதுவாகப் போகும். ஆனால் வில் நுனிக்கு அடி மெத்தென்று விழும்.

இரண்டாவது ஃபாஸ்ட் ஃபிளைட், டைனீமா போன்ற பெயர்களில் வருவது. இது ஒரு வகைப் பாலிஎத்திலீன், மூலக்கூறுகள் மிக நீளமானவை. எடை குறைவு, வலு அதிகம், நீளவே நீளாது. அம்பு வேகமாகப் போகும். போட்டி வில்களுக்கு இதுதான். அந்த வில்களின் நுனிகளை இதற்கென்றே கெட்டிப்படுத்திச் செய்கிறார்கள்.

எங்க வில்லில் நடந்தது இப்போது புரியும். பழைய மர வில், நுனியில் கெட்டிப்படுத்தல் கிடையாது. டாக்ரான் போட்டு ஓட வேண்டிய வண்டி. அதில் நான் நீளாத நாணை மாட்டினேன். ஒவ்வொரு அம்புக்கும் நுனியில் சுத்தியல் அடி. அதோடு மெல்லிசான நாண், நுனிக் காடியின் மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தும் இருக்கிறது. பிளந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது காடியின் ஓரத்தில் நூல் அளவுக்கு ஒரு வெட்டு தெரிந்தது. 'மூன்று மடங்கு வலு' என்ற விளம்பரம் பொய் இல்லை. அந்த வலு முழுக்க வில்லின் மேல் திரும்பிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே முதல் விதி: வில்லின் மேல் நீளாத நாணுக்கு ஏற்றது என்று எழுதியிருக்காவிட்டால், அல்லது வில்லின் வயது தெரியாவிட்டால், டாக்ரான்தான்.

சாரலும் நாணும்

ஆனி, ஆடியில் இந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கும். குற்றாலத்தில் அருவி விழும். தென்காசியில் வெயிலும் தூறலும் மாறிமாறி வரும். மழை என்று குடை பிடிக்கவும் முடியாது, இல்லை என்று துணி காயப்போடவும் முடியாது. காலையில் துவைத்த துணி மறுநாளும் ஈரவாடை அடிக்கும். வில்லுக்கும் அதே கதிதான்.

ஈரம் எல்லா நாணையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. சணல், ஆளி, பருத்தி போன்ற செடி நார் நனைந்தால் வலு கூடும். நார் உப்பி முறுக்கு இறுகுவதால் நீளம் குறையும். கிணற்றுக் கயிறு நனைந்தால் முடிச்சு இறுகி அவிழ்க்க முடியாமல் போகுமே, அதே சங்கதி. தசைநார், குடல், தோல் எல்லாம் நனைந்தால் இளகி நீளும். நைலான் கொஞ்சம் தண்ணீர் குடித்து நீளும். மூங்கில் வில்லுக்கு நைலான் கயிறு கட்டுகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கலாம். டாக்ரான் கிட்டத்தட்டக் குடிக்காது. டைனீமா குடிக்கவே குடிக்காது.

அப்படியானால் இன்றைய நாணுக்கு மழையால் ஆபத்தே இல்லையா? நூல் குடிக்காவிட்டாலும் இழைகளுக்கு நடுவே தண்ணீர் தங்கும். நாணின் எடை கூடும், அம்பு வேகம் குறையும், குறிக்குக் கீழே விழும். இலக்கில் அம்புகள் வரிசையாகக் கீழே இறங்கினால் கையைக் குறை சொல்வதற்கு முன்னால் நாணைப் பிழிந்து பாருங்க. இதைத் தடுப்பதுதான் மெழுகு.

1346-ல் பிரான்சில் நடந்த கிரேசி போருக்கு முன்னால் மழை கொட்டியது. ஆங்கில வில்லாளிகள் நாணைக் கழற்றித் தலைக்கவசத்துக்குள் வைத்துக் காத்தார்கள் என்றும், எதிர்ப்பக்கத்து ஜெனோவாக்காரர்களின் குறுக்குவில் நாண்கள் நனைந்து கெட்டன என்றும் அந்தக் காலத்துப் பிரெஞ்சுத் துறவி ஒருவரின் வரலாறு சொல்கிறது. போரின் முடிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, அதை விடுங்க. வில்லைச் சுலபமாகக் கழற்றி மாட்டலாம் என்பதும், நாண் ஒரு சிறு பொருள் என்பதால் அதை உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதும்தான் நமக்கு வேண்டியவை. சாரல் நாளில் என் சட்டைப் பையில் இப்போது எப்போதும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு மாற்று நாண்.

அன்றாடப் பராமரிப்பு

பெரிய வேலை ஒன்றும் இல்லை. மொத்தம் ஐந்து நிமிஷம்.

*பார்ப்பது.* அம்பு தொடுக்கும் முன் நாணை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மூன்று இடங்களை விசேஷமாகப் பார்க்கவும்: மேல் கண்ணி, கீழ்க் கண்ணி, நடுவில் அம்பைப் பொருத்தும் இடம். இந்த இடங்களில் நாணின் மேல் வேறொரு நூலை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். 'சர்விங்' என்று பெயர். அது உள்ளே இருக்கும் இழைகளுக்கு ஒரு சட்டை மாதிரி. சட்டை கிழியலாம், தைத்துக்கொள்ளலாம். உள்ளே தோல் கிழியக் கூடாது.

*மெழுகு.* சட்டை இல்லாத பகுதியில் மட்டும் மெழுகு தடவ வேண்டும். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. சாரலில் நனைந்தால் உலர்த்திவிட்டு மறுபடியும். நாணைத் தொட்டால் லேசாக ஒட்ட வேண்டும். காய்ந்து பஞ்சு மாதிரி பிசிறு தெரிந்தால் மெழுகு கேட்கிறது என்று அர்த்தம். தடவியபின் ஒரு சின்னத் தோல் துண்டால் வேகமாகத் தேய்த்தால் அந்தச் சூட்டில் மெழுகு உருகி இழைகளுக்குள் போகும். சூடு போதாது என்று தீக்குச்சி, லைட்டர் காட்டாதீங்க. டைனீமா வகை நூல் 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும்; அதற்கு முன்னாலேயே வலு இழக்கும்.

நான் முதலில் வீட்டில் கிடந்த மெழுகுவத்தியைத் தேய்த்தேன். இரண்டே நாளில் பொரிப்பொரியாக உதிர்ந்தது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், அது மண்ணைப் பிடித்து வைத்து இழையை அறுக்கும். தேன்மெழுகு பழங்காலத்திலிருந்து உள்ள வழி. அதில் பிசின் கலந்துகொள்வதும் உண்டு. கடையில் 'ஸ்ட்ரிங் வாக்ஸ்' என்று கேட்டால் குச்சியாகக் கிடைக்கும். ஒரு குச்சி வருஷக்கணக்கில் வரும்.

*கழற்றுவது.* பயிற்சி முடிந்ததும் நாணை இறக்கிவிட வேண்டும், மர வில் என்றால் கட்டாயம். ஏற்றவும் இறக்கவும் 'ஸ்ட்ரிங்கர்' என்ற கயிறு உண்டு. இரண்டு நுனிகளிலும் மாட்டி, காலால் கயிற்றை மிதித்து, வில்லை மேலே தூக்கினால் இரண்டு பக்கமும் சமமாக வளையும். தொடைக்கு நடுவே வில்லை விட்டு வளைக்கிற பழைய முறையில் வில்லின் கை முறுக்கிக்கொள்ளும். சறுக்கினால் நுனி முகத்தில் அடிக்கும்.

*வைப்பது.* கார் டிக்கியில் வேண்டாம், ஈரச் சுவரில் சாய்த்தும் வேண்டாம். துடைத்து, காற்றோட்டமான இடத்தில் படுக்கையாக வைக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது?

இத்தனை மாதம், இத்தனை ஆயிரம் அம்பு என்று சிலர் கணக்கு சொல்வார்கள். அன்றாடம் இருநூறு அம்பு விடுகிறவருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுகிறவருக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? கண்ணால் பார்ப்பதுதான் கணக்கு.

ஓர் இழை அறுந்திருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். "பன்னிரண்டில் ஒன்றுதானே" என்று முடிச்சுப் போட்டு ஓட்டக் கூடாது. ஒன்று அறுந்த காரணம் மற்ற பதினொன்றின் மேலும் வேலை செய்துகொண்டிருக்கும். கண்ணிக்குள் இழை பஞ்சாகியிருந்தால் மாற்ற வேண்டும். மெழுகு போட்டும் பிசிறு அடங்காவிட்டால் மாற்ற வேண்டும். நீண்டு செட்டான பிறகும் நாண் உயரம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே இருந்தால், உள்ளே ஏதோ விட்டுக்கொடுக்கிறது; மாற்ற வேண்டும். மேலே சுற்றிய சர்விங் மட்டும் தளர்ந்திருந்தால் அதை மட்டும் மறுபடி சுற்றிக்கொள்ளலாம்.

முன்பு கெவ்லார் நூலில் நாண் செய்து பார்த்தார்கள். வேகம் பிரமாதம். ஆனால் மடங்குகிற இடத்தில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அறுந்துபோகும் என்று கெட்ட பெயர் வாங்கியது. பிசிறடித்து, நீண்டு, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிற நூல் எவ்வளவு மேல்! எங்க பழைய கறுப்பு நாண் பிசிறடித்தபோது அது செய்தது அதைத்தான். நான்தான் அதைக் குறை என்று எடுத்துக்கொண்டேன்.

மாற்றுவது எப்படி?

அளவு. வில்லின் மேல் எழுதியிருக்கிற நீளத்திலிருந்து ரிகர்வ் வில்லுக்கு 4 அங்குலம் கழிக்க வேண்டும், நேர்வில்லுக்கு 3 அங்குலம். 66 அங்குல ரிகர்வ் என்றால் நாண் 62 அங்குலம். பழைய நாணை அளந்து வாங்கினால் அது நீண்டுபோன அளவையும் சேர்த்து வாங்கிவிடுவோம்.

கண்ணிகள். பெரிய கண்ணி மேலே, சின்னது கீழே. நாணை இறக்கும்போது மேல் கண்ணி வில்லின் கையில் சறுக்கிக் கீழே வர வேண்டும், அதனால்தான் பெரிதாக இருக்கிறது. ஏற்றியபின் இரண்டு கண்ணிகளும் காடியில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் இழுக்கக் கூடாது.

முறுக்கு. மாட்டும் முன் இருபது முறுக்கு வரை கொடுத்து மாட்டலாம். அளவுகோலால் நாண் உயரத்தைப் பார்த்து, குறைந்தால் கழற்றி முறுக்கைக் கூட்டவும், கூடினால் குறைக்கவும். எப்போதும் ஒரே திசை. சர்விங் சுற்றிய திசைக்கு எதிராக முறுக்கினால் அது தளர்ந்துபோகும். 66 அங்குல மர ரிகர்வுக்கு ஏழரை முதல் எட்டரை அங்குலத்துக்குள் பெரும்பாலும் சரியாக வரும். தயாரித்தவர் எண் கொடுத்திருந்தால் அதுதான் வேதம். முறுக்கி முறுக்கித்தான் உயரம் வருகிறது என்றால் நாண் நீளம் தப்பு. வேறு வாங்குங்க.

அம்பின் பிடி. அம்பை நாணில் மாட்டித் தரையைப் பார்த்துத் தொங்க விட வேண்டும். தானாக விழக் கூடாது. நாணை விரலால் லேசாகத் தட்டினால் விழ வேண்டும். தட்டாமலே விழுந்தால் நாண் மெல்லிசு. இழுக்கும்போது அம்பு கழன்றுவிட்டால் வெறும் நாணை விட்ட கதை ஆகிவிடும். தட்டியும் விழாவிட்டால் நாண் தடிமன்; அம்பின் பிளவு உடையும். எங்க வெள்ளை நாணில் அம்பு தட்டாமலே விழுந்தது என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அப்போது அதைப் பிரச்சினை என்றே நினைக்கவில்லை.

பழகவிடுவது. புது டாக்ரான் முதல் நூறு அம்புக்குள் நீளும். அதுவரை பத்துப் பதினைந்து அம்புக்கு ஒரு தடவை உயரத்தை அளந்து முறுக்கைச் சரிசெய்துகொண்டே வர வேண்டும். அம்பு தொடுக்கும் இடத்தைக் காட்டும் முடிச்சை அது செட்டான பிறகு கடைசியாகக் கட்டலாம்.

ஒரு எச்சரிக்கை: மேலே சொன்னது எதுவும் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்குப் பொருந்தாது. அதன் நாணைக் கழற்ற வில்லை அழுத்திப் பிடிக்கும் தனி இயந்திரம் வேண்டும். வீட்டில் கை வைக்காதீங்க.

கறையான் கடித்த நாண்

சதபத பிராமணத்தில் ஒரு கதை இருக்கிறது. தேவர்களில் பெருமை பெற்ற விஷ்ணு நாண் ஏற்றிய வில்லின் நுனியில் தலையைச் சாய்த்து நின்றார். அவரை நேரில் எதிர்க்கத் துணியாத மற்ற தேவர்கள் கறையான்களிடம் பேரம் பேசினார்கள். கறையான்கள் நாணை அரித்தன. நாண் அறுந்து வில் விரிந்த வேகத்தில் தலை துண்டாகிப் போனது. வேள்விச் சடங்குக்கு விளக்கமாகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனாலும் அதைச் சொன்னவருக்கு வில்லைத் தெரிந்திருக்கிறது. ஏற்றிய வில் தூங்குகிற பொருள் இல்லை. அதை அடக்கி வைத்திருப்பது ஒரு கயிறு மட்டும்தான். சாய்வதற்கு முன்னால் இறக்கி வை.

எங்க வில்லுக்கு ஒட்டுப் போட முடியவில்லை. பசை தடவி நூல் சுற்றினாலும் அந்த நுனியை நம்பி ஒரு பிள்ளையின் முகத்துக்கு எதிரே வளைக்க முடியாது. வில்லின் கைகள் ஜோடியாகத்தான் வரும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். நாணின் விலையைப் போலப் பல மடங்கு செலவு. புதுசாக வந்த கைகளுக்குப் பன்னிரண்டு இழை டாக்ரான் நாண் வாங்கினோம். இந்தத் தடவை மாட்டியது நான் இல்லை, அவள்தான். நோட்டில் தேதி போட்டு நாண் உயரத்தை எழுதி வைக்கிறாள். முதல் நாள் 21 செ.மீ., மூன்றாம் நாள் 20.4, நாலு முறுக்கு கூட்டியபின் மறுபடி 20.9.

போன வாரம் நோட்டைக் காட்டி, "மாமா, நடுவுல லேசாப் பிசிறு தெரியுது. மெழுகு போட்டுப் பாக்கேன், அடங்கலேன்னா மாத்திருவோம், என்ன?" என்றாள். நான் சரி என்றேன். மாற்று நாண் உறைக்குள் தயாராக இருக்கிறது.